மீன் கடைசியில் வரட்டும்

(கிளை நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



‘வீட்டிலேயே மீன் தொட்டி அமைப்பது எப்படி’ என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். நம் வீடுகளில் அது வழக்கமாக எப்படி அமைகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குடும்பத்தோடு சென்னைக் கொளத்தூரின் வண்ணமீன் கடைகளுக்குப் போகிறோம். பிள்ளை கை காட்டிய நாலு தங்கமீன், ஒரு உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம், ஒரு பொட்டலம் கலர் கல், ஒரு டப்பா தீனி. வீட்டுக்கு வந்ததும் குழாயைத் திறந்து தண்ணீர் பிடித்து மீனை விடுகிறோம். புதன்கிழமை ஒன்று மிதக்கிறது. சனிக்கிழமைக்குள் கதை முடிந்துவிடுகிறது. “நமக்கு மீன் ராசியில்லை” என்று சொல்லிக் கிண்ணத்தைப் பரணில் ஏற்றுகிறோம். ராசிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கடைசியில் வாங்க வேண்டியதை முதலில் வாங்கிவிட்டோம். இந்த வரிசையைத் திருப்பிப் போடச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

இந்தத் தவறு புதிதல்ல. மீன் தொட்டி பிறந்த நாளிலேயே அதுவும் பிறந்துவிட்டது. லண்டனில் மருந்தாளர் சங்கத்தின் வேதியியலாளராக இருந்தவர் ராபர்ட் வாரிங்டன். 1849இல் ஒரு பெரிய கண்ணாடிப் பாத்திரத்தில் தங்கமீன் விட்டு, கூடவே வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியையும் நட்டார். செடி உயிர்வாயுவைக் கொடுக்கும், மீன் கரிவாயுவைக் கொடுக்கும், கணக்கு சரியாகிவிடும் என்பது அவர் எண்ணம். கொஞ்ச நாளில் செடியின் பழுத்த இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது. அழுகலைத் தின்ன நத்தைகளை விட்டார். தண்ணீர் தெளிந்தது. 1850இல் வேதியியல் சங்கத்தின் இதழில் இதை எழுதினார். மூன்றே ஆண்டுகளில் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீன் காட்சியகம் திறந்தார்கள். இங்கிலாந்தில் வசதியான வீட்டுக் கூடங்களிலெல்லாம் தொட்டி வந்துவிட்டது. நம் மெரினாவுக்கும் 1909இல் ஒரு மீன் காட்சியகம் வந்தது; இந்தியாவில் அதுதான் முதல். இரண்டாம் உலகப் போரின்போது மூடிவிட்டார்கள்.

வாரிங்டனின் கணக்கில் ஒரு பெரிய செலவினம் விட்டுப்போயிருந்தது. மீன் செவுள் வழியே அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. அது எங்கே போகிறது? அப்போது யாருக்கும் தெரியாது. விடை மீன் தொட்டியிலிருந்து வரவில்லை, வயல் மண்ணிலிருந்து வந்தது. அதிலும் ஒரு வேடிக்கை பாருங்கள்: வாரிங்டனின் மகன், அவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன்தான், ரோதாம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்தவர். மண்ணில் அம்மோனியா நைட்ரைட்டாகவும், நைட்ரைட் நைட்ரேட்டாகவும் இரண்டு படிகளில் மாறுகிறது, இரண்டு படியையும் செய்வது நுண்ணுயிர்கள் என்ற முடிவுக்கு வந்த ஆய்வுகளில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1890ஐ ஒட்டி ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி அந்த நுண்ணுயிர்களைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். அப்பாவின் தொட்டியில் அம்மோனியா எங்கே போனது என்பதற்கான விடை, மகன் தோண்டிய மண்ணில் இருந்தது.

இதை எதற்காகச் சொல்கிறேன்? நீங்கள் வளர்க்கப் போகும் முதல் உயிர் மீன் இல்லை. கண்ணுக்குத் தெரியாத இந்தப் பாக்டீரியாதான். அது குடியேறிய பிறகுதான் மீனுக்கு அந்த வீட்டில் இடம். அதற்கு வருவோம். அதற்கு முன்னால் வீட்டைக் கட்ட வேண்டும்.

தொட்டியைக் கடையில் வாங்கலாம், தப்பில்லை. ஆனால் இரண்டடித் தொட்டியை நீங்களே ஒட்டிவிடலாம். அரை நாள் வேலை, ஒரு வாரப் பொறுமை. உங்கள் தெருக் கண்ணாடிக் கடையிலேயே வெட்டித் தருவார்கள். 60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 உயரம் என்று வைத்துக்கொள்வோம். 6 மி.மீ. கண்ணாடி. அடிப்பலகை 60க்கு 30. முன்னும் பின்னும் 60க்கு 30இல் இரண்டு. பக்கவாட்டுத் துண்டுகளில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அவை முன், பின் கண்ணாடிகளுக்கு நடுவில் உட்காரப் போகின்றன. ஆகவே 30இலிருந்து இரண்டு கண்ணாடிகளின் தடிமனான 1.2 சென்டிமீட்டரைக் கழிக்க வேண்டும். சிலிக்கானுக்கும் இரண்டு மி.மீ. இடம் விட வேண்டும். 28.6க்கு 30 என்று எழுதிக் கொடுங்கள். வாய்ச்சொல்லாகச் சொல்லாதீர்கள், தாளில் எழுதிக் கொடுங்கள். விளிம்பைத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மீனுக்கு முன்னால் உங்கள் விரல் பலியாகும்.

சிலிக்கான் வாங்கும்போது கவனம் வேண்டும். குளியலறைக்கு என்று விற்பதில் பூஞ்சையைத் தடுக்க மருந்து கலந்திருப்பார்கள். அது மீனுக்கு விஷம். மருந்து கலக்காதது, மீன் தொட்டிக்கு என்றே போட்டிருப்பது வேண்டும். அதைப் பிதுக்கினால் வினிகர் வாசனை அடிக்கும்.

சமதளமான தரையில் தெர்மோகோல் விரித்து அடிப்பலகையை வையுங்கள். ஒட்டப் போகிற எல்லா விளிம்பையும் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள்; துடைத்த இடத்தில் விரல் படக் கூடாது, விரலின் எண்ணெய்ப்பசை ஒட்டைக் கெடுக்கும். ஓரத்திலிருந்து ஒரு விரற்கடை தள்ளி மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். சிலிக்கான் கன்னை நிறுத்தாமல், ஒரே வேகத்தில், ஒரே கோடாக இழுங்கள். நடுவில் நிறுத்தி மறுபடி ஆரம்பித்தால் அந்த இடத்தில் காற்றுக்குமிழ் மாட்டிக்கொள்ளும். நாளைக்கு ஒழுகப் போவது அங்கேதான். முன் கண்ணாடியை நிறுத்துங்கள், ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். இரண்டு பக்கங்கள், பிறகு பின்கண்ணாடி. சுற்றிலும் டேப் போட்டு இறுக்குங்கள். உட்பக்க மூலைகளில் மறுபடி ஒரு கோடு இழுத்து, தண்ணீர் தொட்ட விரலால் மேலிருந்து கீழே ஒரே வழிப்பில் வழியுங்கள். மேலே தோல் கட்டுவதற்குள், அதாவது ஐந்து நிமிடத்துக்குள், மாஸ்கிங் டேப்பை உரித்துவிட வேண்டும். தாமதித்தால் டேப்போடு சிலிக்கானும் நார்நாராக வரும்.

அப்புறம் ஒரு வாரம் அதைத் தொடக் கூடாது. வினிகர் வாசனை முழுக்கப் போன பிறகு மாடியில் வைத்துத் தண்ணீர் நிரப்பி, அடியில் செய்தித்தாள் விரித்து ஒரு முழு நாள் விடுங்கள். தாள் நனைந்தால் ஒழுகும் இடம் தெரிந்துவிடும். அதன்மேல் புது சிலிக்கானைப் பூசி ஏமாற்றிவிடலாம் என்று நினைக்காதீர்கள். காய்ந்த சிலிக்கானில் புதியது சரியாக ஒட்டாது. பிளேடால் பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் பூச வேண்டும்.

“இன்னும் கொஞ்சம் உயரமாகச் செய்தால் நன்றாக இருக்குமே” என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். கண்ணாடியை உடைக்கப் பார்ப்பது தண்ணீரின் உயரம். நான் சொன்ன தொட்டியை விளிம்புவரை நிரப்பினால் முன்கண்ணாடியின்மேல் தண்ணீர் தள்ளும் விசை ஏறக்குறைய 27 கிலோ. உயரத்தை மட்டும் 45 ஆக்கிப் பாருங்கள், 60 கிலோவைத் தாண்டிவிடும். ஒன்றரை மடங்கு உயரத்துக்கு இரண்டேகால் மடங்கு விசை. மீனுக்கும் உயரத்தால் பெரிய லாபம் இல்லை. காற்று கலப்பது மேல்பரப்பில். அகலமான தொட்டியே நல்ல தொட்டி. உருண்டைக் கிண்ணத்தில் மேல்பரப்பே குறைவு. ரோம் நகராட்சி 2005இல் தங்கமீனை உருண்டைக் கிண்ணத்தில் வைப்பதையே தடை செய்தது.

தண்ணீர், கண்ணாடி, மணல் எல்லாம் சேர்த்து இந்தச் சின்னத் தொட்டியே 65 கிலோ வரும். ஆள் கனம். டி.வி. ஸ்டாண்டின்மேல் வைக்காதீர்கள். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை வாங்கி மேசை மட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். எந்தத் திசையில் வைப்பது என்ற கேள்வி கட்டாயம் வரும். வாஸ்து எந்த மூலையைச் சொன்னாலும் சரி, நேர்வெயில் படாத மூலையாகவும் பக்கத்தில் பிளக் பாயின்ட் உள்ள மூலையாகவும் இருந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. வயர் தொட்டியிலிருந்து நேராக பிளக்குக்கு ஏறக் கூடாது. ஒரு வளைவு கீழே தொங்கிவிட்டு ஏறட்டும். வயர் வழியே ஒழுகும் சொட்டு அந்த வளைவிலேயே விழுந்துவிடும். ஏர் பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே வைத்தால், கரண்ட் போகும்போது டியூப் வழியாகத் தண்ணீர் பின்வாங்கி பம்ப்புக்குள் இறங்கிவிடும்.

ஃபில்டருக்கு ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். விலை உயர்ந்த, மோட்டார் வைத்த ஃபில்டர்களைக் கடைக்காரர் காட்டுவார். நம் ஊர் மின்சாரத்தை மனத்தில் வைத்துப் பார்த்தால் ஐந்து வாட்டுக்குள் ஓடும் ஏர் பம்ப்பும் ஸ்பாஞ்சும்தான் சரி. வீட்டு இன்வெர்ட்டருக்கு அது ஒரு சுமையே இல்லை. கலர் கல், கப்பல், வாயைத் திறந்து மூடும் பொம்மை முதலை இவற்றைப் பற்றி நான் பேசப் போவதில்லை. வெளியில் பொறுக்கிய கல்லைப் போடுவதாக இருந்தால் மட்டும் அதன்மேல் கொஞ்சம் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக் கல். நம் கடினத் தண்ணீரை அது இன்னும் கடினமாக்கும்.

இப்போது தண்ணீர். சென்னையில் நமக்குப் பல தண்ணீர் உண்டு: மெட்ரோ, போர், லாரி, ஆர்.ஓ. மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருக்கும். ஒரு நாள் பக்கெட்டில் பிடித்து வைத்து ஏர் பம்ப் ஓட்டினால் போய்விடும். அவசரத்துக்குக் கடையில் குளோரின் நீக்கி கிடைக்கிறது. போர் தண்ணீரில் உப்பு அதிகம். இதைக் குறையாக நினைக்க வேண்டாம். கப்பி, மோலி, பிளாட்டி மூன்றுக்கும் கடினத் தண்ணீர்தான் இஷ்டம். குடிக்கிற ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றினால் மீனுக்கு நல்லது செய்கிறோம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. தாது மிகவும் குறைந்த தண்ணீரில் இந்த மீன்கள் வாடிப்போகும். உங்கள் வீட்டில் எந்தத் தண்ணீர் வருகிறதோ அதற்கு ஏற்ற மீனைத் தேடுங்கள். மீனைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதற்காகத் தண்ணீரை மாற்றப் புறப்பட்டால் அதற்கு முடிவே கிடையாது.

தொட்டி நிரம்பிவிட்டது, ஸ்பாஞ்ச் குமிழ் விடுகிறது, தண்ணீர் பளிங்காக இருக்கிறது. பிள்ளைகள் கேட்பார்கள்: “மீன் எங்கேப்பா?” இந்த இடத்தில்தான் பெற்றோர் தோற்றுப்போகிறார்கள். இந்தப் புதுத் தண்ணீர் பளிங்காக இருந்தாலும் அதில் அந்தப் பாக்டீரியா இன்னும் குடியேறவில்லை. இதில் மீனை விட்டால் அது கழிக்கும் அம்மோனியா அப்படியே சேரும். நம் ஊரில் இது இன்னும் மோசம். அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவத்தில் இருக்கும். ஒன்று அவ்வளவாகத் தீங்கு செய்யாது, மற்றது கொல்லும். 30 டிகிரி வெப்பத்தில் தண்ணீரின் பி.எச். 7 என்றால் கொல்லும் வடிவம் நூற்றுக்கு ஒரு பங்குகூட இருக்காது. பி.எச். 8 ஆனால் ஏழெட்டுப் பங்காகிவிடும். வெயிலும் கடினத் தண்ணீரும் சேர்ந்த ஊரில், புதுத் தொட்டி சில நாளில் மீனைக் கொல்வதற்கு இதுதான் காரணம். தொட்டியில் பேய் எதுவும் இல்லை.

ஆகவே மீன் இல்லாமலே தொட்டியை ஓட்ட வேண்டும். தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனியைப் போடுங்கள். அது அழுகி அம்மோனியா உண்டாகும். அம்மோனியாவைத் தேடிப் பாக்டீரியா வந்து ஸ்பாஞ்சில் குடியேறும். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும். பிறகு நைட்ரைட் ஏறும். அதுவும் மீனின் இரத்தத்தைக் கெடுக்கும் விஷம்தான். அதுவும் இறங்கி நைட்ரேட் மட்டும் நின்றால் தொட்டி தயார். சோதனைத் திரவம் கடையில் கிடைக்கிறது. பொம்மை முதலைக்குக் கொடுக்கிற காசை இதற்குக் கொடுங்கள். நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நடுவில் தண்ணீர் பால்போலக் கலங்கும், பயந்து கொட்டிவிடாதீர்கள். குறுக்குவழி ஒன்று உண்டு. நல்ல தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் அவருடைய பழைய ஸ்பாஞ்சை வாங்கி உங்கள் தொட்டிக்குள் பிழியுங்கள். புது மாவில் ஒரு கரண்டி பழைய மாவைக் கலப்பது மாதிரிதான். ஆகும் காலத்தில் பாதியிலேயே தயாராகிவிடும்.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். தினமும் சோதனைக் குழாயில் வரும் நிறத்தை நோட்டில் வரைந்து வையுங்கள். இரண்டு மேடு ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து விழுவது தெரியும். மகன் வாரிங்டன் ரோதாம்ஸ்டெட்டில் தேடியதை உங்கள் வீட்டுக் கூடத்திலேயே பார்த்துவிடலாம்.

சரி, மீனுக்கு வந்துவிட்டோம். தங்கமீனை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். குளிர்ந்த தண்ணீர் மீன் அது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் உயிர்வாயுவைத் தாங்கும்; 30 டிகிரியில் ஏழரைதான். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருப்பவர்கள் பெரிய தொட்டியில் வளர்க்கட்டும். ‘தொட்டி அளவுக்குத்தான் மீன் வளரும்’ என்று ஒரு பேச்சு உண்டு. சின்னத் தொட்டியில் மீன் குட்டையாவது இயல்பான வளர்ச்சி இல்லை. வாஸ்து மீன் என்று விற்கும் அரோவானா இரண்டடிக்கு மேல் வளரும். அதை இரண்டடித் தொட்டியில் விட்டால் திரும்பக்கூட முடியாது.

இந்த அளவுத் தொட்டியில் ஆறு ஆண் கப்பிகள் போதும். ஏன் ஆண் மட்டும் என்றால், பெண் கப்பி மாதம் ஒரு முறை குட்டி போடும். ஆணைப் பிரித்துவிட்டாலும் மாதக்கணக்கில் போட்டுக்கொண்டே இருக்கும். விந்தைச் சேமித்து வைக்கும் உடம்பு அதற்கு. தனியாக ஒரே ஒரு மீன் போதும் என்பவர்களுக்கு ஃபைட்டர். காற்றை நேராகச் சுவாசிக்கும் உறுப்பு இருப்பதால்தான் கடையில் அதைச் சின்ன டப்பாவில் வைத்திருக்கிறார்கள். உயிரோடு இருக்கிறது என்பதற்காக அது சுகமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வாங்கி வந்த பையைக் கால் மணி நேரம் தொட்டியில் மிதக்க விட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து, பிறகு வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போக வேண்டாம்; அதில் நோய் வரலாம்.

இனி தீனி. நாம் கோயில் குளத்து மீனுக்குப் பொரி போட்டு வளர்ந்தவர்கள். மீன் மொய்த்துக்கொண்டு வருவதைப் பார்த்தால் கை நிற்காது. தொட்டி அவ்வளவு பெரிய குளம் இல்லை. ஒரு நிமிடத்தில் தின்று தீர்க்கிற அளவு, ஒரு நாளைக்கு ஒரு முறை. அதற்குமேல் போடுவது எல்லாம் அம்மோனியா. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது எதிர்வீட்டு மாமியிடம் தீனி டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போகிறோம். பாவம் மாமி, பிரியத்தில் டப்பாவில் பாதியைப் போட்டுவிடுவார். வளர்ந்த மீன் நாலைந்து நாள் பட்டினி தாங்கும். டப்பாவைப் பூட்டி வையுங்கள். கரண்ட் போன நாளிலும் தீனி கிடையாது.

வாரத்துக்கு ஒரு முறை கால் பங்குத் தண்ணீரை டியூபால் உறிஞ்சி எடுத்துப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். எடுத்த தண்ணீரில் நைட்ரேட் இருக்கிறது. கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினால் அது உங்களை வாழ்த்தும். ஸ்பாஞ்சை அந்தப் பழைய தண்ணீரிலேயே அலசுங்கள். குழாயடியில் வைத்துச் சுத்தமாகக் கழுவினால் ஆறு வாரம் காத்திருந்து வளர்த்த பாக்டீரியா குளோரினில் போய்விடும். வீட்டில் யாராவது தீபாவளிக்கு முந்தைய நாள் தொட்டியை மொத்தமாகக் கொட்டி, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுவார்கள். தடுத்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. தொட்டி சுத்தம் செய்யும் மீன் என்று சக்கர் மீனைத் தலையில் கட்டுவார்கள். தென் அமெரிக்க மீன். வாங்கும்போது சுண்டுவிரல் நீளம். ஒன்றரை அடி வரை வளரும். தொட்டியில் இடம் இல்லாமல் போகும்போது, கொல்ல மனசில்லாமல், பக்கத்து ஏரியில் விட்டுவிடுகிறோம். புண்ணியம் என்று நினைத்துச் செய்கிற காரியம் இது. தமிழ்நாட்டின் பல நீர்நிலைகளில் இன்று அது பெருகிக் கிடக்கிறது. கரையைக் குடைகிறது, முள்செதிலால் வலையைக் கிழிக்கிறது, விற்கவும் முடியாமல் தின்னவும் முடியாமல் மீனவர் அதை அள்ளிக் கரையில் வீசுகிறார். தயவுசெய்து அதை வாங்காதீர்கள். எந்தத் தொட்டி மீனையும், கப்பியாக இருந்தாலும், ஏரியிலோ குளத்திலோ கால்வாயிலோ விடாதீர்கள். வளர்க்க முடியவில்லை என்றால் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். காசில்லாமல் கொடுத்தால் பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள். கடைக்காரரும் வாங்கவில்லை என்றால் என்னிடம் கொண்டுவாருங்கள், வீட்டில் இன்னும் இடம் இருக்கிறது.